குட்டை மரத்தின் மேல் ஒரு பெரிய பழி

தமிழில் போன்சாய்க்கு நல்ல பெயர் கிடையாது. பட்டிமன்றப் பேச்சாளர் அந்தச் சொல்லை எடுத்தாலே, அடுத்து ஒரு பெண்ணின் படிப்பு பாதியில் நிற்கப்போகிறது, அல்லது ஒரு குழந்தையின் ஆசை நசுங்கப்போகிறது என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். புதுக்கவிதைக்காரர்கள் அதை ஒடுக்குமுறையின் அடையாளமாக எழுதி எழுதித் தேய்த்துவிட்டார்கள். வாஸ்து சொல்பவர்கள் வீட்டில் வைத்தால் குடும்பம் வளராது என்கிறார்கள். மரம் நடும் இயக்கங்களில் இருக்கும் நல்ல மனிதர்கள்கூட முகம் சுளிக்கிறார்கள். மண்ணில் வேரோட வேண்டியதைத் தட்டில் அடைத்து, பட்டினி போட்டு, கம்பியால் முறுக்கி, அந்த ஊனத்தை அழகு என்று ரசிப்பது என்ன ரசனை என்று கேட்கிறார்கள்.

இந்தக் கருத்து இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம் அதில் இரக்கம் இருப்பதுதான். இரக்கத்தை எதிர்த்து வாதாடுவது சங்கடமான வேலை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: இந்த இரக்கம் கொண்டவர்கள் ஒரு மனிதக் குழந்தையை மனத்தில் வைத்துக்கொண்டு மரத்தைப் பார்க்கிறார்கள். குழந்தைக்குப் பொருந்துவதெல்லாம் மரத்துக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

குற்றச்சாட்டு புதியதல்ல. அதை நம்மைவிடக் கூர்மையாகச் சொன்னவர்கள் இந்தக் கலை பிறந்து வளர்ந்த நாடுகளிலேயே இருந்தார்கள். ஜப்பானில் 1330-ஐ ஒட்டி யோஷிதா கென்கோ என்ற துறவி எழுதிய ‘சுரேசுரேகுசா’ என்ற நூலில் ஒரு சம்பவம் வருகிறது. ஹினோ சுகேதோமோ என்ற அரசவைப் பிரபு கியோத்தோவின் தோஜி கோயில் வாசலில் மழைக்கு ஒதுங்குகிறார். அங்கே கைகால் முறுகிய பிச்சைக்காரர்கள் கூடியிருக்கிறார்கள். முதலில் அவருக்கு அவர்கள் விநோதமாகத் தெரிகிறார்கள். சற்று நேரத்தில் அருவருப்பு தட்டுகிறது. வீட்டுக்குப் போனதும், அவர் ஆசை ஆசையாகச் சேர்த்த வளைந்து நெளிந்த தொட்டி மரங்கள் எல்லாம் அதே ஊனமாகப் படுகின்றன. அத்தனையையும் தூக்கி எறிந்துவிடுகிறார்.

இன்னொருவர் சீனாவின் கோங் ஸிசென். 1839-இல் அவர் எழுதிய ‘நோயுற்ற பிளம் மரங்களின் மருத்துவமனை’ பற்றிய சிறு கட்டுரை அங்கே பள்ளிப் பாடமாகவே இருக்கிறது. கற்றோர் கோணலையே அழகு என்று கொண்டாடுகிறார்கள். அதனால் விற்பவர்கள் நேரான மரங்களின் கிளையை வெட்டி, வளர்ச்சியைத் தடுத்து, வளைத்துக் கட்டிக் காசாக்குகிறார்கள் என்பது அவர் புகார். முந்நூறு தொட்டிகளை வாங்குகிறார். ஒன்றுகூட முழுமையாக இல்லை. மூன்று நாள் அழுகிறார். தொட்டிகளை உடைத்து, கட்டுகளை அவிழ்த்து, மரங்களை மண்ணில் நடுகிறார். ஐந்து ஆண்டுகளில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுவதாக உறுதி எடுக்கிறார்.

நம் பட்டிமன்றப் பேச்சாளர்கள் சொல்வதையெல்லாம் இந்த இருவரும் என்றோ சொல்லிவிட்டார்கள், இன்னும் நன்றாகவே. எனவே பதிலும் அவர்களுக்கே முதலில் போக வேண்டும்.

சுகேதோமோ கதையை இன்று படிக்கும்போது எனக்கு மரங்களுக்காகக் கோபம் வருவதில்லை, அந்தப் பிச்சைக்காரர்களுக்காக வருகிறது. ஓர் உடல் நேராக இல்லாவிட்டால் அது பார்க்கச் சகிக்காது என்பதுதான் அந்தக் கதையின் அடித்தளம். மரம் வெறும் சாக்கு. வளைந்ததெல்லாம் நோய் என்று கொள்பவருக்குக் கடற்கரைக் காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து வளர்ந்த மரமும் ஊனமாகத்தான் தெரியும். மலை உச்சியில் பனிச்சுமை தாங்கித் தாங்கிக் கீழ்நோக்கி வளைந்த கிளை ஒவ்வொன்றும் அவருக்கு வேதனையின் சின்னம்தான். அந்தச் சாய்வையும் வளைவையும்தான் போன்சாய்க் கலைஞர்கள் பார்த்துக் கற்றார்கள். காற்றடித்த வடிவம், பாறையிலிருந்து தொங்கும் வடிவம், நெடிதுயர்ந்த நேர் வடிவம், காடாகச் சேர்ந்து நிற்கும் வடிவம் என்று அவர்கள் வகுத்திருக்கும் பாணிகள் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும் மரங்களின் உருவங்கள். அவற்றில் நேர் வடிவத்தை முறையாகக் கொண்டுவருவதுதான் மிகக் கடினம் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். கோணல் மேல் மட்டும் மோகம் கொண்ட கலையில் இப்படி ஒரு பேச்சு வந்திருக்காது.

கோங் ஸிசென்னுக்குப் பதில் சொல்வது இன்னும் எளிது. பதிலை அவரே எழுதிவைத்திருக்கிறார். அவர் குறி சிங் அரசின் அதிகார வர்க்கம். நேர்மையான, நிமிர்ந்த மனிதர்களை வளைத்து முடமாக்கிய ஆட்சியைத்தான் அவர் பிளம் மரத்தின் பெயரில் சாடினார். அதில் அவர் முழுக்கச் சரி. ஆனால் அவருடைய உவமையிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. ஐந்து ஆண்டு மண்ணில் விட்டால் மரம் பழையபடி ஆகிவிடும் என்று அவரே நம்புகிறார். ஊனமாக்கப்பட்ட உயிர் எங்கேயாவது அப்படி ஆகுமா? சீனாவில் பெண் குழந்தைகளின் காலைக் கட்டிச் சிறிதாக்கிய கொடுமையோடு போன்சாயை ஒப்பிடுவது இன்றும் வழக்கம். அங்கே எலும்பை ஒடித்து விரல்களை மடக்கிக் கட்டினார்கள். கட்டை அவிழ்த்தாலும் அந்தக் கால் திரும்பி வராது. போன்சாயைத் தட்டிலிருந்து எடுத்துத் தோட்டத்தில் நட்டால் சில ஆண்டுகளில் அது வேலியைத் தாண்டும். அதன் மரபணுவில் எதுவும் மாறவில்லை. மாதுளையை போன்சாயாக வளர்த்துப் பாருங்கள். இலை சிறுத்திருக்கும், ஆனால் பழம் அதன் வழக்கமான அளவில், கிளை தாங்காமல் தொங்கும். பூவும் அப்படித்தான், சிறுப்பதில்லை. ஊனப்படுத்தப்பட்ட உடலில் இது நடக்காது.

மரத்துக்கு ‘இவ்வளவுதான் என் உயரம்’ என்று ஒன்று எழுதிவைக்கப்படவில்லை என்பதை யாரும் யோசிப்பதில்லை. மனிதனுக்கு உண்டு, மாட்டுக்கு உண்டு. பிறக்கும்போதே கைகால் எத்தனை, விரல் எத்தனை என்று முடிவாகிவிடும். அதில் ஒன்று போனால் போனதுதான். மரம் வேறு வகை உயிர். நுனிமொட்டுகளில் உள்ள வளர்திசு எங்கே வெளிச்சம், எங்கே நீர், எங்கே இடம் என்று பார்த்துப் பார்த்து உடலைக் கட்டிக்கொண்டே போகிறது. ஒரு கிளை முறிந்தால், நுனியிலிருந்து இறங்கிவந்து கீழ்மொட்டுகளை அடக்கி வைத்திருந்த ஆக்சின் என்ற வளரூக்கி நின்றுபோகும். உறங்கிக் கிடந்த மொட்டுகள் கண் திறக்கும். ஆடு கடித்தாலும், புயல் ஒடித்தாலும், யானை முறித்தாலும் மரம் அதே வழியில்தான் எழுந்து நிற்கிறது. இழப்பதற்கென்றே அமைந்த உடல் அது.

நம் ஊர்க் கோபுரங்களைப் பாருங்கள். சுதை இடுக்கில் பறவை போட்ட விதையிலிருந்து முளைத்த அரசங்கன்று கும்பாபிஷேகம் வரும்வரை அங்கேயே நிற்கும். கைப்பிடி மண் இருக்காது. இலை உள்ளங்கையில் பாதி. வேர் மட்டும் கருங்கல்லைப் பிளக்கிற வேகத்தில் இருக்கும். அதைப் பார்த்து ‘பாவம்’ என்று சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ‘என்ன உயிர்ப்பு பார்’ என்றுதான் சொல்வார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் நயாகரா செங்குத்துச் சரிவின் பாறை இடுக்குகளில் வளரும் வெண்தேவதாருக்கள் குட்டையானவை, முறுகியவை. டக்ளஸ் லார்சனும் அவர் சகாக்களும் அவற்றின் வளையங்களை எண்ணியபோது, சில மரங்களின் வயது ஆயிரம் ஆண்டைத் தாண்டியிருந்தது. கலிபோர்னியாவின் வெண்மலைத் தொடரில் 4,800 ஆண்டுகளைக் கடந்து நிற்கும் பைன் மரம், செழித்த பள்ளத்தாக்கில் வளர்ந்ததல்ல. எதுவும் வளரத் தயங்கும் வறண்ட, குளிர்ந்த உயரத்தில் வளர்ந்தது. உயரமும் உயிர்வலுவும் ஒன்று என்பது நாம் மரத்தின் மேல் ஏற்றிவைத்த கணக்கு.

அடுத்தது ‘பட்டினி’. இந்த ஒரு சொல்லே, சொல்பவர் போன்சாய் வளர்த்ததில்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டினி போட்ட மரம் போன்சாய் ஆகாது, விறகாகும். ஆழமில்லாத தட்டில் இருக்கும் மரத்துக்கு நிலத்தில் நிற்கும் மரத்தைவிடக் கவனமாக ஊட்டம் தர வேண்டியிருக்கிறது. அதன் வேர் தேடிப்போய்ச் சாப்பிட இடமில்லை. ஜப்பானில் கடுகினத்து எண்ணெய்ப் பிண்ணாக்கை உருண்டையாக்கி மண்மேல் வைப்பார்கள். இங்கே வளர்ப்பவர்கள் கடலைப் பிண்ணாக்கையும் வேப்பம் பிண்ணாக்கையும் ஊறவைத்து ஊற்றுகிறார்கள். வாடை பக்கத்து மாடிக்குப் போய்ச் சண்டை வருவது தனிக்கதை. தண்ணீர் விடக் கற்கவே மூன்று வருடம் ஆகும் என்பது ஜப்பானியக் குருகுலங்களில் வழங்கும் பேச்சு. இதை மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் சித்திரை வெயிலில் சென்னை மொட்டை மாடியில் ஒரு தட்டு அத்திமரத்தைக் காப்பாற்றிக் காட்டட்டும். காலையும் மாலையும் விட வேண்டும். சில நாள் நடுப்பகலிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். மண்ணோ நீரைப் பிடித்துவைக்கவும் வேண்டும், நொடியில் வடித்துவிடவும் வேண்டும். அதற்காகத்தான் ஜப்பானில், கான்தோ சமவெளியில் தோண்டி எடுக்கும் அகதாமா என்ற எரிமலைக் களிமண் குறுணையைப் பயன்படுத்துகிறார்கள். அது கிடைக்காத இங்கே உடைத்த செங்கல் சில்லும் ஆற்றுமணலும் அந்த வேலையைச் செய்கின்றன.

‘வேரை வெட்டுகிறார்களே’ என்பார்கள். ஆம், வெட்டுகிறோம். ஏன் என்று கேட்க வேண்டும். தொட்டியில் வேர் சுற்றிச் சுற்றித் தன்னையே நெரிக்கத் தொடங்கினால் நீரும் காற்றும் உள்ளே போகாது; மரம் மெல்லச் சாகும். எனவே இளம் மரத்துக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை, முதிர்ந்த பைன்களுக்கு இன்னும் நீண்ட இடைவெளியில், தொட்டியிலிருந்து எடுத்துப் பருத்த வேர்களைக் குறைக்கிறார்கள். பருத்த வேர் பெரும்பாலும் தாங்குவதற்கும் சேமிப்பதற்கும்தான். நீரை உறிஞ்சுவது நுனிக்கு அருகிலுள்ள சல்லிவேர். பருத்ததைக் குறைத்தால் சல்லிவேர் பெருகும், புது மண்ணில் மரம் மறுபடி இளமையாகும். இதைச் செய்யாமல் விடுவதுதான் கொடுமை. நர்சரிகளில் பிளாஸ்டிக் பையில் வருடக்கணக்கில் வேர் சுருண்டு கிடக்கும் வேப்பங்கன்றை வாங்கி ‘மரம் நடு விழா’வில் நட்டுவிட்டுப் போகிறார்களே, அந்தக் கன்றின் வேரைப் பார்த்து யாரும் அழுததாகத் தெரியவில்லை.

இலையும் ஊசியும் சிறுப்பது பட்டினியால் என்றும் நினைக்கிறார்கள். ஜப்பானியக் கரும்பைன் மரத்தில் வசந்தத்தில் மெழுகுத்திரி போல் எழும் தளிர்களைக் கோடையின் தொடக்கத்தில் முழுக்க நறுக்கிவிடுவார்கள். மரம் இரண்டாவது முறை தளிர்விடும். அந்தத் தளிருக்கு மிச்சமிருப்பது குறுகிய காலம், ஆகவே ஊசி குட்டையாக வரும். ஒரே பருவத்தில் இரண்டு முறை தளிர்விட மரத்திடம் எவ்வளவு சேமிப்பு இருக்க வேண்டும்! அதனால்தான் வசந்தம் முழுக்க உரம் கொடுத்துத் தேற்றிய, வலுவான மரத்தில் மட்டும் இதைச் செய்கிறார்கள். சோர்ந்த மரத்தை, நோய் கண்ட மரத்தை, அந்த ஆண்டு தொடவே மாட்டார்கள். சித்திரவதை செய்பவன் எவனும் கைதியின் உடல்நிலையைப் பார்த்துக் கை வைப்பதில்லை.

இனிக் கம்பி. செம்புக் கம்பியையோ அலுமினியக் கம்பியையோ கிளையைச் சுற்றிப் போட்டு மெல்ல வளைக்கிறார்கள். பட்டையைக் கம்பி கடிக்கும் முன்பே அறுத்தெடுக்க வேண்டும். தழும்பு விழுந்தால் அது பல ஆண்டுக்கு மறையாது, பார்க்கிற எவருக்கும் வளர்த்தவரின் அசட்டை தெரிந்துவிடும். கிளை சில மாதங்களில் புதிய கோணத்தில் மரவளையம் கட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் நடப்பது. பந்தலில் பாகற்கொடியைத் திருப்பிவிடுவதற்கும் இதற்கும் வேகத்தில்தான் வேறுபாடு.

பட்டையை உரித்து, உள்மரத்தை வெளுத்த எலும்புபோல் காட்டும் பாணியைப் பார்த்துத்தான் பலர் உண்மையாகவே அதிர்கிறார்கள். அதிர்வதில் நியாயம் இருக்கிறது, பார்க்கக் காயம் மாதிரிதான் இருக்கும். ஆனால் எந்தப் பெரிய மரத்திலும் நடுவிலிருக்கும் வைரம் இறந்த பகுதிதான். உயிர் ஓடுவது பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கிலும் அதை ஒட்டிய வெளிமரத்திலும். மலைமுகட்டு ஜூனிபர்கள் மின்னலாலும் பனியாலும் உடலின் பெரும்பகுதி காய்ந்து, ஒரே ஒரு நாடா அகலப் பட்டையில் உயிரைத் தாங்கிக்கொண்டு நூற்றாண்டுகள் நிற்பது இயற்கையில் உள்ளதே. அந்த உயிர்நாடா எங்கே ஓடுகிறது என்று தெரியாதவர் உளியைத் தொடக்கூடாது. ஜப்பானின் சைதாமாவைச் சேர்ந்த மசாஹிகோ கிமுரா மின்கருவிகளால் ஜூனிபர்களைச் செதுக்கி உலகப் புகழ் பெற்றவர். அவருடைய சில மரங்களைப் பார்க்கும்போது சிற்பம் மரத்தை விழுங்கிவிட்டதோ என்று எனக்குத் தோன்றும். அது என் ரசனை. அதை வைத்துக்கொண்டு அவரைக் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். மரங்கள் தளதளவென்று இருக்கின்றன.

‘செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று ஜகதீஷ் சந்திர போஸே சொன்னாரே’ என்பது எப்போதும் வரும் கேள்வி. செடிகள் தூண்டலுக்கு எதிர்வினை செய்கின்றன என்பதில் சந்தேகமில்லை. 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வொன்று, புழு கடித்த இலையிலிருந்து கால்சியச் சமிக்ஞை மற்ற இலைகளுக்கு அலையாகப் பரவுவதைப் படமே பிடித்துக் காட்டியது. செய்தி பரவுவது வேறு. அந்த வேதனையை உள்ளிருந்து அனுபவிக்க ஒரு மூளையோ நரம்போ இருப்பது வேறு. சரி, வாதத்துக்காக வலி உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நியாயமாக எங்கே தொடங்க வேண்டும்?

நீலகிரியிலும் வால்பாறையிலும் தொடங்க வேண்டும். தேயிலை புதரல்ல, மரம். விட்டால் முப்பது நாற்பது அடி போகும். அதை இடுப்பளவிலேயே நிறுத்தி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொழுந்தைக் கிள்ளி, சில ஆண்டுக்கு ஒருமுறை கட்டையாகக் கவாத்து செய்து, ஐம்பது நூறு ஆண்டு வைத்திருக்கிறோம். மலை மலையாக, கண்ணுக்கெட்டிய தூரம் குள்ளமாக்கப்பட்ட மரங்கள்! சுற்றுலா போய் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, ‘என்ன பசுமை’ என்று சொல்லிவிட்டு, அந்த டீயைக் குடித்துக்கொண்டே போன்சாயைச் சித்திரவதை என்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. போன்சாய் மரத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு தேயிலைச் செடிக்குக் கிடைக்காது.

‘அது பயனுக்காக, இது வெறும் அழகுக்காக’ என்பார்கள். சரி, மல்லிகை? மதுரைப் பக்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை மல்லிகைச் செடிகளை முழங்கால் அளவுக்கு வெட்டி, இலையை உருவிவிட்டுக் கவாத்து செய்கிறார்கள். தலையில் வைத்து மறுநாள் குப்பையில் போடுவதற்காக. அதைவிட அழகுக்காகச் செய்யும் வேலை எது? யாரும் அதைக் குற்றம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. போன்சாயில் மட்டும் வெட்டு உறுத்துவதற்குக் காரணம், அது வெட்டியதை மறைக்காமல் நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்வதுதான்.

வாஸ்துவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாஷிங்டனில் அமெரிக்க தேசிய மரத்தோட்டத்தில் ஒரு வெள்ளைப்பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்வது. ஹிரோஷிமாவின் யமாகி குடும்பம் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தள்ளி அந்த வீட்டு நர்சரியில், சுவரின் மறைவில் இருந்தது. வீட்டிலிருந்தவர்களும் பிழைத்தார்கள், மரமும் பிழைத்தது. 1976-இல் அமெரிக்க விடுதலையின் இருநூறாவது ஆண்டுக்கு ஜப்பான் தந்த போன்சாய்ப் பரிசில் மசாரு யமாகி அந்த மரத்தையும் கொடுத்தார். குண்டு போட்ட நாட்டுக்கே! அதன் பின்கதையை அங்குள்ளவர்கள் 2001-இல் அவருடைய பேரன்கள் தேடிவந்து சொன்ன பிறகே முழுதாக அறிந்தார்கள். வீட்டில் போன்சாய் இருந்தால் குலம் தழைக்காது என்பவர்கள் அந்தப் பேரன்களிடம் போய்ச் சொல்லட்டும். தோக்கியோ அரண்மனையில் மூன்றாம் ஷோகன் (படைத்தலைமை ஆட்சியாளர்) இயேமித்சு வைத்திருந்ததாகச் சொல்லப்படும் பைன் இன்னும் பச்சையாக நிற்கிறது. அவர் 1651-இல் இறந்துபோனார்.

போன்சாய்க்காக வாதாடுபவர்களிடமும் ஒரு வார்த்தை. குற்றச்சாட்டுக்குப் பயந்து, ‘இது நம் ரிஷிகள் கண்டுபிடித்த வாமன விருட்சக் கலை, இங்கிருந்துதான் சீனாவுக்குப் போனது’ என்று சிலர் கொடி பிடிக்கிறார்கள். அதற்கு உருப்படியான சான்று எதையும் நான் பார்த்ததில்லை. ஷான்ஷி மாநிலத்தில் 706-ஐ ஒட்டிய இளவரசர் ஷாங்ஹுவாய் கல்லறைச் சுவரோவியத்தில் பணியாளர்கள் சிறு மரமும் கல்லும் வைத்த தட்டை ஏந்தி வருகிறார்கள். ஜப்பானில் 1309-இல் வரைந்த கசுகா கோயில் ஓவியச் சுருளில் தொட்டி மரங்கள் இருக்கின்றன. நல்ல கலையை ஏற்க அது நம் தாத்தா வீட்டுச் சொத்தாக இருக்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் வாதம் ஒன்று உண்டு: போன்சாய் மரத்தை மனிதனை அண்டி வாழ வைக்கிறது. உண்மை. காட்டு மரம் யாரையும் எதிர்பார்க்காது. தட்டு மரத்தை ஒரு வாரம் மறந்தால் போயிற்று. 2019-இல் சைதாமா பகுதியில் ஒரு வளர்ப்பாளரின் தோட்டத்திலிருந்து 400 ஆண்டு பழமையான ஜூனிபர் உட்பட ஏழு மரங்கள் திருடு போயின. அந்த வீட்டு அம்மா திருடனுக்கு விடுத்த வேண்டுகோள், தயவுசெய்து தண்ணீர் ஊற்றுங்கள் என்பதுதான். மரம் திரும்பக் கிடைக்காவிட்டாலும் உயிரோடு இருக்கட்டும் என்று நினைக்கிற மனம் அது. அண்டி வாழ வைத்தவர் அதற்குப் பொறுப்பேற்கிறார். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதற்கு. வெளியூர் போக வேண்டுமென்றால் யாரிடம் ஒப்படைப்பது என்ற கவலை. தனக்குப் பின் யார் பார்ப்பார் என்ற கேள்வியை ஒவ்வொரு முதிய வளர்ப்பாளரும் கேட்டுக்கொள்கிறார். 1923 நிலநடுக்கத்துக்குப் பின் தோக்கியோவிலிருந்து கிளம்பிய வளர்ப்பாளர்கள் ஓமியாவில் போன்சாய்க் கிராமம் அமைத்தபோது, குடியேறுபவர் குறைந்தது பத்து மரமாவது வைத்திருக்க வேண்டும், மாடி வீடு கட்டக்கூடாது, வாசல் யாருக்கும் திறந்திருக்க வேண்டும், மதிலுக்குப் பதில் உயிர்வேலி என்று விதி வைத்தார்கள். அடைத்துவைத்து ரசிக்கிறவர்கள் வகுத்த விதிகளா இவை?

மேடைப் பேச்சாளரின் உவமைக்கும் ஒரு மரத்தைக் காட்டுகிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் குடிகளான ஜப்பானிய வம்சாவளியினரையே முள்வேலி முகாம்களில் அடைத்தது. அங்கே ஜூசாபுரோ ஃபுருசாவா என்பவர் ஒரு தகர டப்பாவில் விதை போட்டுக் கரும்பைன் வளர்த்தார். அது இன்று வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் போன்சாய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தகர டப்பாவில் வேர்; சுற்றிலும் முள்கம்பி; வளர்த்தவரும் கைதி. ஒடுக்கப்பட்டவரின் அடையாளம் போன்சாய் என்று அவரிடம் சொல்லியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாரோ!

இதையெல்லாம் சொன்ன பிறகு, குறை சொல்ல வேண்டிய இடங்களையும் காட்டிவிட வேண்டும். முதலாவது, காட்டு மரங்களைப் பெயர்த்தெடுப்பது. ஷிகோகு தீவின் இஷிசுசி மலையிலும் நீகாத்தாவின் இதோய்காவா மலைகளிலும் இருந்த பழைய ஜூனிபர்களை, 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கயிற்றில் தொங்கிப் பிடுங்கினார்கள். மலை ஏறக்குறைய காலியாகிவிட்டது. பிறகுதான் பதியன் போட்டு வளர்க்கும் புத்தி வந்தது. இங்கேயும் பாறைமேல் நூறாண்டு நின்ற கல்லிச்சியை ஒரே இரவில் பெயர்த்து வந்து விற்கிறவர்கள் உண்டு. அதில் பத்துக்கு ஒன்று பிழைத்தால் அதிசயம். அது வனக் குற்றம்; கலையல்ல.

இரண்டாவது, மேசை போன்சாய் வியாபாரம். வெயிலும் குளிரும் கேட்கும் ஜூனிபர் கன்றை ஒரு சீனப் பீங்கான் கிண்ணத்தில் குத்தி, மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டி, ‘ஏசி அறையில் வைக்கலாம், பராமரிப்பே வேண்டாம்’ என்று பரிசுப் பொருளாக விற்கிறார்கள். ஒட்டிய கல் வழியாகத் தண்ணீர் இறங்காது. ஊசியிலை மரம் காய்ந்து செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே இருக்கும். வாங்கியவர் அதைப் பார்த்து ‘நல்லாத்தானே இருக்கு’ என்று பிணத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். பழுத்து உதிரும்போது, போன்சாய் என்றாலே இப்படித்தான் என்ற முடிவுக்கு வருவார். நம் ஊரில் போன்சாய்க்கு எதிரான கருத்துகளில் பாதி அந்தக் கிண்ணத்திலிருந்து வந்தவை என்பது என் ஊகம்.

அந்தக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுங்கள், நானும் கூட வருகிறேன். போகிற வழியில், நடைபாதை ஓரத்து வேப்பமரத்தின் தூரைச் சுற்றி இண்டு இடுக்கு விடாமல் சிமென்ட் பூசி, உடம்பெல்லாம் டியூஷன் சென்டர் தகடு அடித்திருப்பார்கள். அங்கேயும் ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போகலாம்.